சுற்றுலா வேனில் கூடுதல் மின்கருவிகள்: 75 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை 120-க்கு மாற்றினால் தீர்ந்துவிடுமா?

காவிரிக்கரை வேன்

அனைவருக்கும் வணக்கம். நான் ஈரோட்டில் சுற்றுலா வேன் வைத்துத் தொழில் செய்கிறேன். வண்டி 2014-ஆம் ஆண்டு டெம்போ டிராவலர். டீசல், 17 இருக்கை, ஏ.சி. கிடையாது, 12 வோல்ட் அமைப்பு. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் 14 வோல்ட், 75 ஆம்பியர் என்று இருக்கிறது. பேட்டரி 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி); வாங்கி ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது.

வாங்கும்போது வண்டியில் முகப்பு விளக்கும் ஒரு சாதாரண ரேடியோவும் தவிர வேறொன்றும் இல்லை. இப்போது பாட்டுச் சத்தமும் வண்ண விளக்கும் இல்லாத வேனை யாரும் வாடகைக்குக் கேட்பதில்லை என்பதால், நான்கு ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தேன். ஆம்ப்ளிஃபயரும் சப்வூஃபரும், உட்கூரையில் எல்.இ.டி. பட்டைகள், இன்வெர்ட்டர் வழியாக ஓடும் 32 அங்குல டி.வி., இருக்கைகளுக்கு மேல் பத்துச் சிறிய மின்விசிறிகள், கைப்பேசிக்கு மின்னேற்றப் பன்னிரண்டு யு.எஸ்.பி. முனைகள், 45 லிட்டர் அளவில் ஒரு 12 வோல்ட் குளிர்பெட்டி, முன்புறம் இரண்டு 55 வாட் மூடுபனி விளக்குகள் ஆகியவை இன்று வண்டியில் இருக்கின்றன.

சிக்கல் போன கார்த்திகையில் முற்றியது. சபரிமலைக்குப் பக்தர்களை ஏற்றிச் சென்று, நிலக்கல் நிறுத்துமிடத்தில் வண்டியை விட்டுவிட்டு இரவு முழுவதும் காத்திருந்தேன். வண்டியிலேயே தங்கிவிட்ட நான்கைந்து பேருக்காக விளக்கும் பாட்டும் குளிர்பெட்டியும் ஓடிக்கொண்டிருந்தன. விடியற்காலையில் சாவியைத் திருப்பினால், எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் ஒரு முறை முனகிவிட்டு நின்றுவிட்டது. மலையிறங்கி வந்த சாமிகள் எட்டுப் பேர் சரணம் சொல்லித் தள்ளித்தான் வண்டியைக் கிளப்பினோம். வாடகை கொடுத்தவர்களையே வண்டி தள்ளச் சொல்வதைவிட ஒரு வேன்காரனுக்கு வேறு அவமானம் கிடையாது.

அது மட்டுமில்லை. லோயர் கேம்பிலிருந்து குமுளி ஏறும்போதும், திருவிழாக் காலத்தில் பழநி அடிவாரத்தில் ஊர்ந்து போகும்போதும், பாட்டின் தாளத்துக்கு ஏற்ப முகப்பு விளக்கு மங்கி மங்கி எரிகிறது. பேட்டரி நன்றாக இருக்கும் நாளிலும் செல்ஃப் சற்று மந்தமாகவே சுற்றுகிறது. எங்கள் ஊர் எலக்ட்ரீசியன், ஆல்டர்னேட்டரைக் கழற்றி 120 ஆம்பியர் உள்ளதைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். இருபதாயிரத்துக்குக் குறையாமல் செலவாகும் போலிருக்கிறது. இன்னொருவர், இருப்பதையே ரீவைண்டிங் செய்து, அதாவது உள்ளே உள்ள கம்பிச் சுருளை மாற்றிச் சுற்றி, ஆம்பியரைக் கூட்டித் தருவதாகச் சொல்கிறார். அடுத்த சீசனுக்குள் முடிவு செய்ய வேண்டும். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முல்லையாறு

தம்பி, நான் ஐ.டி.ஐ.-யில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பல ஆண்டுகள் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். பணத்தைச் செலவழிக்கும் முன் சில அளவுகளை எடுத்துப் பார்த்துவிடுங்கள் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் சொன்னதில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சிக்கல்கள் கலந்து கிடக்கின்றன. குமுளி ஏற்றத்தில் விளக்கு மங்குவது எஞ்சின் ஓடும்போது வரும் பற்றாக்குறை. நிலக்கல்லில் செல்ஃப் சுற்றாமல் போனது எஞ்சின் நின்றிருக்கும்போது வந்த பற்றாக்குறை. எஞ்சின் நின்றிருக்கும்போது 75 ஆம்பியர் ஆல்டர்னேட்டரும் 120 ஆம்பியர் ஆல்டர்னேட்டரும் தருவது ஒன்றுதான், அதாவது சுழி. ஆகவே எட்டுப் பேர் வண்டி தள்ளிய கதைக்கும் உங்கள் எலக்ட்ரீசியன் சொல்லும் மருந்துக்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாவது, தகட்டில் இருக்கும் 75 என்ற எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. அது ஆல்டர்னேட்டரின் தண்டு நிமிடத்துக்கு 6000 சுற்றுகள் சுற்றும்போது தரும் அளவு. உங்கள் வண்டியில் கிராங்க் புல்லியின் விட்டத்தையும் ஆல்டர்னேட்டர் புல்லியின் விட்டத்தையும் ஸ்கேல் வைத்து அளந்தால் பெரும்பாலும் இரண்டரைக்கு ஒன்று என்ற விகிதம் வரும். அப்படியானால் எஞ்சின் 2400 சுற்றில் ஓடும்போதுதான் அந்த 75 கிடைக்கும். ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, எஞ்சின் 750 சுற்று என்றால் ஆல்டர்னேட்டர் சுற்றுவது 1875 மட்டுமே, அப்போது தகட்டு அளவில் பாதி கிடைத்தாலே அதிகம். செம்புச் சுருள் சூடேறச் சூடேற அதன் மின்தடை கூடும் என்பதால், மலையேற்றத்தில் வெந்துபோன எஞ்சினுக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் குறையும். சில நிறுவனத் தகடுகளில் 45-90 என்பதுபோல இரண்டு எண்களைக் காணலாம். முதல் எண் குறைந்த சுற்றில் கிடைப்பது, இரண்டாவது 6000 சுற்றில் கிடைப்பது. கடைக்காரர் வாய்விட்டுச் சொல்வது எப்போதும் இரண்டாவது எண்ணைத்தான். ஊர்ந்து போகும் வண்டிக்கு வேண்டியது முதல் எண்.

நம் ஊரில் இன்றும் ஆல்டர்னேட்டரை டைனமோ என்றே சொல்கிறார்கள். பழைய அம்பாசிடரில் இருந்தது நிஜமான டைனமோ. சிக்னலில் நின்றால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கிவிடும், ஏனென்றால் அந்த வேகத்தில் அது தருவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆல்டர்னேட்டர் வந்ததும் அந்தக் குறை பெருமளவு நீங்கியது, ஆனால் அடியோடு நீங்கிவிடவில்லை.

இப்போது அளவுகள். டி.சி. ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர் ஒன்றும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்றும் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். கிளாம்ப் மீட்டர் வாங்கும்போது ஏ.சி. (மாறுமின்னோட்டம்) மட்டும் அளப்பதை வாங்கி ஏமாந்துவிட வேண்டாம். ஒவ்வொரு கருவியாகப் போட்டு, அது உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று எழுதுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட்டை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் 2000 வாட் என்று போட்டிருப்பார்கள், பின்பக்கம் பார்த்தால் இரண்டு 25 ஆம்பியர் ஃபியூஸ்தான் இருக்கும். 50 ஆம்பியரை 14 வோல்ட்டால் பெருக்கினால் 700 வாட்தான் உள்ளேயே போக முடியும். அதற்கு மேல் எங்கிருந்து வெளியே வரும்?

பிறகு, எஞ்சினை 2000 சுற்றில் பிடித்துக்கொண்டு, முகப்பு விளக்கு, மின்விசிறிகள், எல்.இ.டி., மூடுபனி விளக்கு, குளிர்பெட்டி ஆகியவற்றைப் போட்டுவிட்டு நான்கு இடங்களில் வோல்ட் பாருங்கள். ஆல்டர்னேட்டரிலிருந்து மின்சாரம் வெளிவரும் பி-பிளஸ் போல்ட்டுக்கும் அதன் உடலுக்கும் இடையே ஒன்று. பேட்டரியின் இரு முனைகளுக்கும் இடையே ஒன்று. பி-பிளஸ் போல்ட்டிலிருந்து பேட்டரியின் பிளஸ் முனைக்கு ஒன்று. ஆல்டர்னேட்டர் உடலிலிருந்து பேட்டரியின் மைனஸ் முனைக்கு ஒன்று. கடைசி இரண்டும் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால், ஆல்டர்னேட்டர் தயாரிக்கும் மின்சாரம் வழியிலேயே சூடாகச் செலவாகிறது என்று பொருள். ஆல்டர்னேட்டருக்குள் இருந்து வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் தன் வாசலில் இருக்கும் வோல்ட்டைத்தான் பார்க்கிறது, அங்கே 14.2 இருந்தால் பேட்டரிக்கும் போதுமானது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்து நிதானமாகிவிடும். அந்தப் பக்கம் பேட்டரி பட்டினி கிடப்பது அதற்குத் தெரியாது. செல்ஃப் எப்போதும் மந்தமாகச் சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிதான் என்னைச் சந்தேகப்பட வைக்கிறது.

காவிரிக்கரை வேன்

ஐயா, மிக்க நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதற்காகவே ஒதுக்கி, நீங்கள் சொன்னபடி அளந்துவிட்டேன்.

வண்டியின் சொந்தத் தேவை, அதாவது முகப்பு விளக்கு, பின்விளக்குகள், மீட்டர் பலகை, எஞ்சினுக்கு வேண்டியது எல்லாம் சேர்த்து 19 ஆம்பியர். மின்விசிறிகள் 12, ஆம்ப்ளிஃபயர் சராசரியாக 9 (குத்துப்பாட்டு வரும்போது ஒரு கணம் 30 வரை தாவுகிறது), எல்.இ.டி. 7, இன்வெர்ட்டரோடு டி.வி. 8, குளிர்பெட்டியின் கம்ப்ரஸர் ஓடும்போது 5, யு.எஸ்.பி. முனைகள் எல்லாவற்றிலும் கைப்பேசி செருகியிருந்தால் 6, மூடுபனி விளக்கு 9. கூட்டிப் பார்த்தால் சொல்லி வைத்தாற்போல் சரியாக 75 வருகிறது! டி.வி.யின் இன்வெர்ட்டர், டி.வி. அணைந்திருக்கும்போதும் கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர் குடித்துக்கொண்டே இருந்தது என்பதை நான்கு ஆண்டுகளாக அறியாமல் இருந்திருக்கிறேன்.

நான்கு வோல்ட் அளவுகள் இவை. ஆல்டர்னேட்டரில் 14.2, பேட்டரியில் 13.3. பிளஸ் பக்கம் இழப்பு 0.4, எர்த் (மைனஸ்) பக்கம் இழப்பு 0.5. அப்போது ஓடிய மின்னோட்டம் 52 ஆம்பியர்.

எர்த்தைத் தேடி வண்டிக்கு அடியில் படுத்தேன். கியர்பாக்ஸிலிருந்து சேஸிஸுக்குப் போகும் பின்னல் பட்டையைத் தொட்டபோது கை சுட்டது. சுற்றிலும் உள்ள இரும்பு குளிர்ந்திருக்க, அது மட்டும் அப்போதுதான் வடித்த சோற்றுப் பானை போல இருந்தது. கழற்றிப் பார்த்தால், போல்ட்டில் மாட்டும் லக் இறங்கும் இடத்தில் பச்சைக் களிம்பு. பின்னலில் பாதி இழைகள் அறுந்து நூல் நூலாகத் தொங்கின. அதன் மறுமுனை சேஸிஸில் பெயின்ட் மேலேயே முடுக்கப்பட்டிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் கிளட்ச் வேலைக்காகக் கியர்பாக்ஸை இறக்கியபோது யாரோ அப்படி மாட்டியிருக்க வேண்டும்.

பெயின்ட்டை உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்து, 35 சதுர மி.மீ. அளவில் புதிய பின்னல் பட்டை போட்டு, மேலே கிரீஸ் பூசினேன். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் பழைய கம்பியோடு கூட 25 சதுர மி.மீ. செம்புக் கேபிள் ஒன்றும் இழுத்தேன். மறுபடி அளந்தால், ஆல்டர்னேட்டரில் அதே 14.2, பேட்டரியில் 14.0. செல்ஃப் இப்போது புது வண்டி மாதிரி சுற்றுகிறது. மொத்தச் செலவு மூவாயிரத்தைத் தொடவில்லை.

இப்போது என் கேள்வி இதுதான். தேவையும் 75, தகடும் 75 என்றால், இதற்குப் பிறகும் ஆல்டர்னேட்டரை மாற்ற வேண்டுமா?

ஆர்மேச்சர் பட்டறை

வணக்கம். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆல்டர்னேட்டர், செல்ஃப் பழுது பார்க்கும் கடை நடத்துகிறேன். ரீவைண்டிங் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஆல்டர்னேட்டரின் சுழலாத சுருளான ஸ்டேட்டரில் கனமான கம்பியைக் குறைந்த சுற்றுகளாகச் சுற்றினால் உச்ச ஆம்பியர் கூடும் என்பது உண்மைதான். ஆனால் சுற்று குறைந்தால் மின்னழுத்தம் எழுவதற்கு அதிக வேகம் வேண்டும். ஆகவே ஐடிலிங்கில் இப்போது கிடைப்பதும் கிடைக்காமல் போய்விடும். நெடுஞ்சாலையில் பறக்கும் வண்டிக்கு அது பொருந்தலாம். பழநி அடிவாரத்தில் ஊர்கிறவருக்கு அது தலைகீழ் வைத்தியம். அது போக, ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் டையோடு பிளேட்டும் உள்ளே சுழலும் ரோட்டாரும் பழைய அளவிலேயே இருக்கும். ஸ்டேட்டரை மட்டும் மாற்றிக்கொண்டு போனவர்கள் ஆறு மாதத்தில் டையோடு போய்த் திரும்பி வந்ததை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன். இந்த வேலையைச் செய்து தரச் சொல்லி வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். எனக்கும் வருமானம் வேண்டும்தான், ஆனால் திட்டு வாங்கிக்கொண்டு சம்பாதிக்க விருப்பமில்லை.

சிறிய புல்லி போடுவது இன்னொரு வழி. விகிதம் இரண்டரையிலிருந்து மூன்றுக்குப் போனால், 750 சுற்று ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் 1875-க்குப் பதில் 2250 சுற்றும். அந்த இடத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் எஞ்சினை முழு வேகத்தில் முடுக்கும்போது ஆல்டர்னேட்டர் தாங்கும் உச்ச வேகத்தை மீறக் கூடாது. புல்லி சிறுத்தால் பெல்ட் பற்றும் இடமும் குறைந்து வழுக்கும். நான் பெரும்பாலும் சொல்வது, ஐடிலிங் ஸ்க்ரூவை ஏற்றி 850 சுற்றில் வையுங்கள் என்பதுதான். காசு செலவில்லாமல் சில ஆம்பியர் கிடைக்கும்.

மிக முக்கியமான ஒன்று. நம் ஊர் டீசல் வேன்களிலும் ஜீப்புகளிலும் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே, அதே தண்டில், வேக்குவம் பம்ப் இணைந்திருக்கும். பிரேக் மிதிக்கும் விசையைப் பெருக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தை உண்டாக்குவது அந்தப் பம்ப்தான். அதற்கு எஞ்சினிலிருந்து ஆயில் குழாய் ஒன்று வரும். ஆம்பியரை மட்டும் பார்த்து, பம்ப் இல்லாத கார் ஆல்டர்னேட்டர் ஒன்றைப் பிராக்கெட் வெல்டிங் செய்து மாட்டினால், பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடும். குமுளி இறக்கத்தில் 17 பேரோடு அதைக் கண்டுபிடிக்க வேண்டாம். உங்கள் வண்டியில் பம்ப் எங்கே இருக்கிறது என்று முதலில் குனிந்து பாருங்கள். ஆல்டர்னேட்டரோடு இருந்தால், அதே பிரேமில், பம்ப்புடன் வரும் பெரிய ஆம்பியர் மாடலைத்தான் தேட வேண்டும்.

எந்தக் கடையில் எதை வாங்கினாலும், டெஸ்ட் பெஞ்சில் மாட்டி, கால் மணி நேரம் லோடு கொடுத்துச் சூடான பிறகு, 1900 சுற்றில் எத்தனை ஆம்பியர் தருகிறது என்று காட்டச் சொல்லுங்கள். அதற்குத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.

இன்னொரு சிறு சோதனை. லோடு போட்ட நிலையில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துப் பேட்டரி முனைகளில் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆறு டையோடுகளில் ஒன்று போயிருக்கலாம். ஒன்று போனாலும் விளக்கு எரியும், டாஷ்போர்டில் எச்சரிக்கை வராமலும் இருக்கலாம், ஆனால் தகட்டில் சொன்ன ஆம்பியர் வராது. ஸ்பீக்கரில் எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு ரீங்காரம் மட்டும் கேட்கும்.

கண் முகாம் ஊர்தி

முந்தைய பதில்களைப் படித்தால் பெரிய ஆல்டர்னேட்டர் என்பதே வீண் செலவு என்ற எண்ணம் வந்துவிடும். அது எல்லாருக்கும் பொருந்தாது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

கிராமங்களுக்குச் சென்று கண் பரிசோதனை செய்யும் ஓர் ஊர்தியை நான் ஓட்டுகிறேன். ஓரிடத்தில் நான்கு மணி நேரம் நிற்போம். உள்ளே கருவிகள், விளக்குகள், இரண்டு மின்விசிறிகள், ஒரு கணினி எல்லாம் தொடர்ந்து ஓடும். வெளிமின்சாரம் கிடைக்காத இடங்களில் எஞ்சினை ஓடவிட்டே சமாளிக்க வேண்டும். எங்களுக்கு 110 ஆம்பியர் ஆல்டர்னேட்டர்தான் கைகொடுத்தது. அதிலும் ஐடிலிங்கில் 55 தரும் மாடலைத் தேடிப் பிடித்தோம். கை த்ராட்டில் வைத்து எஞ்சினை 1200 சுற்றில் நிறுத்திக்கொள்கிறோம்.

ஆனால் மாற்றிய முதல் மாதத்திலேயே இரண்டு பாடங்கள் கிடைத்தன. ஒன்று, பெல்ட். 110 ஆம்பியரை 14 வோல்ட்டால் பெருக்கினால் 1540 வாட். ஆல்டர்னேட்டரின் திறன் 55 விழுக்காடு அளவில் இருப்பதால் எஞ்சினிலிருந்து அது பிடுங்குவது 2800 வாட், கிட்டத்தட்ட நான்கு குதிரைத்திறன். அவ்வளவையும் ஒற்றை வி-பெல்ட் சுமக்கத் திணறியது. காலையில் கிளப்பியதும் ஊரே திரும்பிப் பார்க்கும்படி கீச்சிட்டது. இரட்டைப் பள்ளப் புல்லிக்கு மாறிய பிறகுதான் அடங்கியது. மற்றொன்று, கேபிள். மாட்டிக் கொடுத்தவர் பழைய 10 சதுர மி.மீ. கம்பியையே விட்டுவிட்டார், ஃபியூஸும் வைக்கவில்லை. ஒரு நாள் முகாமில் ரப்பர் கருகும் வாடை வந்து, இருக்கைக்கடியில் பார்த்தால் இருக்கைப் போல்ட் ஒன்று கம்பியின் உறையை அழுத்தி அறுத்துவிட்டிருந்தது. நல்ல வேளையாகப் பேட்டரி முனையைக் கழற்ற ஸ்பானர் கையருகே இருந்தது.

ஃபியூஸ் இருப்பது கம்பியைக் காப்பதற்கு, கருவியைக் காப்பதற்கு அன்று. ஆகவே அது பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். கருவியின் பக்கத்தில் வைத்தால் நடுவிலுள்ள ஆறு மீட்டர் கம்பிக்குப் பாதுகாப்பே இல்லை. கேள்வி கேட்ட நண்பர் புதிதாக இழுத்த 25 சதுர மி.மீ. கேபிளில் ஃபியூஸ் வைத்ததாக எழுதவில்லை. வைக்காவிட்டால் இன்றே வைத்துவிடுங்கள்.

முல்லையாறு

கண் முகாம் நண்பர் சொன்னது சரி. எஞ்சின் ஓடிக்கொண்டே நிற்கும் வண்டிக்குப் பெரிய ஆல்டர்னேட்டர் நியாயமான செலவு. ஈரோட்டுத் தம்பியின் வண்டி அப்படி நிற்பதில்லை, ஓடுகிறது, பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு நிற்கிறது. எனவே அவருடைய ஒரு நாளை எடுத்துக் கணக்குப் பார்க்கலாம்.

பகலில் ஓடும்போது விளக்குகள் வேண்டாம். எஞ்சினுக்கு 4, மின்விசிறி 12, பாட்டு 9, குளிர்பெட்டி 5, யு.எஸ்.பி. 6, ஆக 36 ஆம்பியர். சூடான 75 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் சமவெளியில் 60 தருவதாக வைத்துக்கொண்டாலும், 24 ஆம்பியர் பேட்டரிக்கு மிஞ்சுகிறது. இரவில் ஓடும்போது முகப்பு விளக்கும் எல்.இ.டி.யும் சேரும், மலையில் மின்விசிறி குறையும், டி.வி.யை அணைத்துவிட்டால் ஏறக்குறையச் சரியாக வரும். 75 என்ற முழுத் தேவை, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால்தான் வரும்; மூடுபனியும் மின்விசிறியும் ஒரே இரவில் எதற்கு?

நிலக்கல் இரவுதான் உண்மையான சிக்கல். எல்.இ.டி.யை மங்கலாக்கி 3 ஆம்பியரில் ஆறு மணி நேரம், 18. பாட்டு குறைந்த சத்தத்தில் 5 ஆம்பியர், மூன்று மணி நேரம், 15. குளிர்பெட்டி பாதி நேரம்தான் ஓடும் என்பதால் சராசரி 2.5, பத்து மணி நேரத்துக்கு 25. கைப்பேசிகள் 3 ஆம்பியர், ஆறு மணி நேரம், 18. மொத்தம் 76 ஏ.எச். இதை, செல்ஃபைச் சுற்றும் 100 ஏ.எச். ஸ்டார்ட்டர் பேட்டரியிலிருந்து எடுத்தால் காலையில் அது செத்துத்தான் கிடக்கும். ஸ்டார்ட்டர் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. சில நொடிகள் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கச் செய்யப்பட்டவை, இரவு முழுவதும் வடிப்பதற்கு அல்ல. சில முறை அடிவரை வடித்தால் அதன் ஆயுள் பாதியாகிவிடும்.

ஆகவே இரண்டாவது பேட்டரி ஒன்று வேண்டும். ஆழமாக வடிப்பதற்கென்றே செய்த, மூடிய ஏ.ஜி.எம். (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்த) வகையில் 150 ஏ.எச். அளவு வாங்கினால், பாதி மட்டும் வடித்து 75 எடுக்கலாம். வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் உயரமான டியூபுலர் பேட்டரியைப் பயணிகள் இருக்கும் இடத்தில் வைக்காதீர்கள். ஆசிட் தளும்பும், மின்னேறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். இரண்டு பேட்டரிகளுக்கும் இடையே வோல்ட்டை அறிந்து தானே இயங்கும் சுவிட்சான ரிலே ஒன்று இருக்கட்டும். அது எஞ்சின் ஓடி 13.3 வோல்ட் வந்ததும் இணைக்கும், எஞ்சின் நின்று 12.8-க்கு இறங்கியதும் பிரித்துவிடும். அந்த இணைப்புக் கேபிளில் இரண்டு முனையிலும் ஃபியூஸ் வேண்டும், ஏனென்றால் இப்போது இரு பக்கமும் மின்சாரம் இருக்கிறது. நீங்களாகச் சேர்த்த கருவிகள் அனைத்தையும் இரண்டாவது பேட்டரிக்கே மாற்றிவிடுங்கள். மூடுபனி விளக்கு மட்டும் பழைய இடத்திலேயே இருக்கலாம். அதன் பிறகு பக்தர்கள் விடிய விடியப் பாட்டுக் கேட்டாலும் செல்ஃபுக்கு வேண்டிய பேட்டரியை யாரும் தொட முடியாது.

வடித்த 76-ஐத் திரும்ப ஏற்ற 90 ஏ.எச். அளவுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். நிலக்கல்லிலிருந்து ஈரோடு வர எட்டொன்பது மணி நேரம் ஆகுமே, அதில் பெரும்பகுதி ஏறிவிடும். கடைசி இருபது விழுக்காடு மெதுவாகத்தான் ஏறும். எத்தனை ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போட்டாலும் ஈயப் பேட்டரி தன் வேகத்தில்தான் குடிக்கும். அதற்கு, வீடு வந்ததும் இரவில் சார்ஜரில் போட்டுவிடுவது நல்லது.

பின்பக்கத்துக்குப் போகும் கம்பியையும் விட்டுவிடாதீர்கள். பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போக ஆறு மீட்டர், எர்த் திரும்பி வர ஆறு மீட்டர். 6 சதுர மி.மீ. கம்பியில் குத்துப்பாட்டின் 30 ஆம்பியர் ஓடும்போது ஒரு வோல்ட் வழியிலேயே போய்விடும். 25 சதுர மி.மீ. போட்டால் கால் வோல்ட்தான் போகும்.

மலைப்பாதை 2021

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது 2021-ஆம் ஆண்டு பி.எஸ். 6 (புகை வெளியேற்ற விதி) வண்டி. இதே ரிலேயை வாங்கி மாட்டினேன். ஓடும்போதே அது படபடவென்று இணைவதும் பிரிவதுமாக இருக்கிறது, இரண்டாவது பேட்டரி நிரம்புவதே இல்லை. அதற்கு லித்தியம் பேட்டரி வைத்திருக்கிறேன்.

ஆர்மேச்சர் பட்டறை

உங்கள் வண்டியின் ஆல்டர்னேட்டரை எஞ்சின் கணினி ஆட்டுவிக்கிறது என்று நினைக்கிறேன். அப்படிப்பட்ட வண்டிகளில், எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகச் சீராக ஓடும்போது வோல்ட்டை 12.5 அளவுக்கு இறக்கிவிடும். பிரேக் பிடிக்கும்போதும் இறக்கத்திலும் 15 வரை ஏற்றும். ரிலே அதைப் பார்த்து, எஞ்சின் நின்றுவிட்டது என்று ஏமாந்து பிரித்துவிடுகிறது. உங்களுக்கு வேண்டியது ரிலே அன்று, டி.சி.-டி.சி. சார்ஜர். உள்ளே வரும் வோல்ட் எப்படி ஆடினாலும், அந்தப் பேட்டரிக்கு வேண்டிய வோல்ட்டை அது நிலையாகக் கொடுக்கும். பேட்டரியின் மைனஸ் முனையில் சிறு பெட்டி போல ஒரு சென்சார் இருந்தால், கூடுதல் எர்த்துகளை அந்த முனையில் நேராக மாட்டாமல் சேஸிஸில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எடுக்கும் மின்சாரம் சென்சாரின் கணக்கில் வராது.

லித்தியத்துக்கு அந்தச் சார்ஜர் கட்டாயம். லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு என்பதால், ஆல்டர்னேட்டர் தரக்கூடியது முழுவதையும் மணிக்கணக்கில் இழுக்கும். ஐடிலிங்கில் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் சுருள் வெந்துபோகும். சார்ஜரின் அளவு ஆல்டர்னேட்டரின் தகட்டு அளவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேற்கொண்டு விவரம் வேண்டுமானால், வண்டியின் மாடலோடு தனிக் கேள்வியாகக் கேளுங்கள்.

காவிரிக்கரை வேன்

அனைவருக்கும் நன்றி. கண் முகாம் அண்ணா கேட்டது சரிதான், புதிய கேபிளில் ஃபியூஸ் இல்லாமல்தான் நான்கு நாள் ஓட்டியிருக்கிறேன். படித்த அன்றே பேட்டரிக்கு அருகில் 100 ஆம்பியர் ஃபியூஸ் வைத்துவிட்டேன். வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகில்தான் இருக்கிறது. எங்கள் எலக்ட்ரீசியனிடம் காட்டிக் கேட்டபோது, அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பழைய ஆல்டர்னேட்டரே இருக்கட்டும் என்றார். ஏ.சி. வோல்ட் சோதனையில் 0.1-க்கும் கீழேதான் காட்டுகிறது, டையோடுகள் நன்றாக இருக்கின்றன.

ஐடிலிங்கை 850-க்கு ஏற்றினேன். 150 ஏ.எச். பேட்டரியும் ரிலேயும் பொருத்தி, சென்ற வாரம் கொடைக்கானலுக்கு ஒரு கல்லூரிக் கூட்டத்தோடு போய் வந்தேன். இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை வண்டி நின்றது. மாணவர்கள் இரண்டு மணி வரை பாட்டை நிறுத்தவில்லை. காலையில் இரண்டாவது பேட்டரி 12.2, ஸ்டார்ட்டர் பேட்டரி 12.6. அரைச் சுற்றில் எஞ்சின் பிடித்துவிட்டது.

ஒரே ஒரு சிக்கல் மீதி. மூன்றாவது வரிசை மின்விசிறியைப் போட்டால் மட்டும் ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல் வருகிறது. எஞ்சின் அணைந்திருந்தாலும் வருகிறது.

ஆர்மேச்சர் பட்டறை

எஞ்சின் அணைந்திருந்தும் வருகிறதென்றால் ஆல்டர்னேட்டர் மேல் பழி இல்லை. அந்த விசிறியின் மோட்டாரில் பிரஷ் தேய்ந்து பொறி பறக்கலாம். வேறு வரிசை விசிறியோடு இடம் மாற்றிப் பாருங்கள், இரைச்சலும் கூடவே போனால் விசிறியை மாற்றிவிடுங்கள். போகவில்லை என்றால், அந்த வரிசையின் கம்பி ஆம்ப்ளிஃபயரின் ஆடியோ கம்பியை ஒட்டியே போகிறதா என்று உட்கூரையைக் கழற்றிப் பாருங்கள்.